இன்னும் வராத ஆபத்துக்கு அரசு ஆய்வு நிறுவனங்கள் எப்படித் தயாராக முடியும்? எங்கள் கண்மாயில் கிடைத்த மீனை வைத்து ஒரு கேள்வி

கண்மாய்க்கரை:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் நடுவில் ஒரு சின்ன கிராமம் எங்களுடையது. போன வைகாசியில் எங்கள் கண்மாயில் மீன்பிடித் திருவிழா நடந்தது. தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் ஊரே இறங்கி ஊத்தா என்கிற அடியில்லாத கூடையைப் போட்டுப் பிடிப்போமே, அதுதான். விரால், குரவை, கெண்டை எல்லாம் வழக்கம்போலக் கிடைத்தன. என் சித்தப்பா ஊத்தாவுக்குள் கையை விட்டவர் கத்திக்கொண்டு வெளியே எடுத்தார், உள்ளங்கை கிழிந்து ரத்தம். உள்ளே இருந்தது ஒரு சாணுக்கு மேல் நீளமான கறுப்பு மீன், உடம்பெல்லாம் ஓடு மாதிரி செதில், முதுகில் முள், வாய் அடிப்பக்கம். சின்னப் பையன்கள் பார்த்ததுமே சொல்லிவிட்டார்கள், கண்ணாடித் தொட்டியில் பாசி தின்ன விடுகிற சக்கர் மீன் என்று. அன்று மட்டும் 14 எண்ணினோம்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஓர் அலுவலகத்தில் இது காட்டு உயிர் இல்லை என்றார்கள். இன்னோர் இடத்தில் கண்மாய் எங்கள் கணக்கில் இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் மனுவாக எழுதித் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன், மாதங்கள் ஓடிவிட்டன, பதில் இல்லை. யாரையும் குறை சொல்லிப் பெயர் போட விரும்பவில்லை, அங்கிருந்தவர்கள் எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் இது அவர்களில் ஒருவருடைய வேலையும் இல்லை.

பயம் என்னவென்றால், எங்கள் கண்மாய் மறுகால் பாய்ந்தால் கீழே அடுத்த கண்மாய், அதற்குக் கீழே இன்னொன்று. இந்தப் பக்கம்தான் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது, 1977-இல் அறிவித்தது. கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் அந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதையே விட்டவர்கள். அப்படிக் காப்பாற்றிய இடத்துக்கு முள்ளும் ஓடுமாக ஒன்று போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்?

சரி, இந்த மீன் வந்துவிட்டது. என் கேள்வி அடுத்ததைப் பற்றி. ஐந்து வருடம், பத்து வருடம் கழித்து நம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் எது வரப்போகிறது என்று பார்ப்பதற்கு அரசாங்கத்தில் ஆள் இருக்கிறதா? விலங்கியல் ஆய்வகம், தாவரவியல் ஆய்வகம், வேளாண் ஆய்வகம் என்று இத்தனை இருக்கின்றனவே, அவை வருவதற்கு முன்னால் என்ன செய்ய முடியும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மரவள்ளிக்காரன்:

அண்ணே, நான் விவசாயம் படித்துவிட்டு இப்போது சொந்த நிலத்தைப் பார்க்கிறவன். உங்கள் கேள்விக்கு நம் மாநிலத்திலேயே இரண்டு கதை இருக்கிறது, இரண்டும் பூச்சிக் கதை.

2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் வெள்ளைப் பஞ்சு அப்பியது போல ஆயின. மருந்து அடித்து அடித்துக் கை ஓய்ந்தது, ஏனென்றால் அந்தப் பூச்சியின் மேல் மெழுகு படிந்திருக்கும், மருந்து உள்ளே போகாது. கடைசியில் 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தார்கள், பெங்களூரில் இருக்கிற பூச்சி வள ஆய்வகம் வழியாக. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிறவை அவை. கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம், அவ்வளவு சின்னக் குளவி. அதைத் தோட்டங்களில் விட்ட சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. பெரிய வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் நடுவில் இரண்டு வருடம் போயிற்றே.

இரண்டாவது கதைதான் எனக்கு ஆறவே இல்லை. மரவள்ளி மாவுப்பூச்சி என்று வேறொன்று. அது 1970-களில் ஆப்பிரிக்காவைப் பாழாக்கியது. அதைக் கட்டுப்படுத்துகிற குளவியை 1981-இலேயே பராகுவேயில் கண்டுபிடித்துவிட்டார்கள், அதற்காக ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானிக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். 2008-இல் அதே பூச்சி தாய்லாந்துக்கு வந்தது, அவர்கள் அடுத்த வருடமே குளவியை வரவழைத்தார்கள். நமக்கு 2020-இல் திருச்சூரில் வந்தது, அங்கிருந்து சேலம், நாமக்கல். நாம் பெனின் நாட்டிலிருந்து குளவியைக் கொண்டுவந்து சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டது 2022 மார்ச்சில்.

பூச்சி எது, அதை அடக்குகிற குளவி எது, எங்கே கிடைக்கும், எல்லாம் நாற்பது வருடமாகத் தெரியும். பக்கத்து வீட்டில் தீப்பிடித்துப் பன்னிரண்டு வருடம். ஆய்வகத்தில் இருக்கிறவர்கள் ராப்பகலாக உழைத்தார்கள், நான் நேரில் பார்த்தேன். ஆனால் அயல்நாட்டுப் பூச்சி ஒன்றை உள்ளே கொண்டுவர அனுமதி, தனிமைப்படுத்திச் சோதனை, அது நம் ஊர்ப் பூச்சியைத் தின்னாதா என்கிற பரிசோதனை, அப்புறம் பெருக்கம், இதற்கெல்லாம் காலம் வேண்டும். அந்தப் பரிசோதனைகளை விட்டுவிடச் சொல்லவில்லை. பூச்சி வந்த பிறகு தொடங்காமல், தாய்லாந்துக்கு வந்த வருடமே தொடங்கியிருக்கலாம் என்கிறேன். குளவி சோதனை முடிந்து, கோப்பு கையெழுத்தாகி, பூச்சி வருகிற அன்றைக்கு விமானம் ஏற வேண்டியதுதான் பாக்கி என்ற நிலையில் இருந்திருக்கும்.

துருப்பிடிக்காதவர்:

தம்பி, நான் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உயிரியல் எனக்குத் துறை இல்லை. ஆனால் அரசு அறிவியல் நிறுவனம் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம் அது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அங்கே நடந்த வேலைகளில் வெளியே அதிகம் பேசப்படாத ஒன்று, இரும்புத் தகடுகளை வெயிலிலும் மழையிலும் கடற்காற்றிலும் சட்டத்தில் மாட்டி வைப்பது. வைக்கும்போது எடை போடுவோம். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் விட்டு, எடுத்துத் துருவைச் சுரண்டி மறுபடி எடை போடுவோம். நாட்டின் பல ஊர்களில் இப்படி வைத்து எடுத்த கணக்கிலிருந்துதான் இந்தியாவின் துரு வரைபடம் வந்தது. அதில் கண்டுபிடிப்பு என்று கைதட்ட ஒன்றும் இருக்காது. ஆனால் எந்த ஊரில் பாலம் எத்தனை வருடத்தில் அரிக்கும் என்று சொல்ல அந்தத் தகடுதான் வேண்டும்.

கண்மாய்க்கும் அப்படி ஒரு தகடு வேண்டும் என்பது என் எண்ணம். எங்கள் ஐயா காலத்தில் இந்த ஊரணியில் என்ன மீன், என்ன தவளை, என்ன செடி இருந்தது என்று எடை போட்டு வைத்தவர் யாரும் இல்லை. அதனால் இன்று எது குறைந்தது, எது புதிதாக வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. புது ஆபத்தைக் கணிப்பது அப்புறம். முதலில் சில நூறு கண்மாய்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில், அதே முறையில், ஆள் மாறினாலும் அரசு மாறினாலும் நிற்காமல் எண்ண வேண்டும். மூன்று வருடத் திட்டப் பணத்தில் இது நடக்காது. மூன்றாவது வருட முடிவில் பையன்களுக்குச் சம்பளம் நிற்கும், நோட்டுப் புத்தகம் அலமாரிக்குப் போகும். நான் பார்த்த பல நல்ல வேலைகள் அப்படித்தான் முடிந்தன, இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

நீர்த்துளி:

ஐயா சொன்னதோடு சேர்த்து ஒன்று. நான் ஆராய்ச்சி மாணவி. முன்கூட்டியே நோட்டம் பார்க்கிற முறை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, கேம்பிரிட்ஜில் வில்லியம் சதர்லேண்ட் என்பவர் தலைமையில் 2009-இலிருந்து வருடா வருடம் செய்கிறார்கள். பல துறைக்காரர்கள் தங்கள் காதில் விழுந்த, இன்னும் யாரும் பெரிதாகப் பேசாத விஷயங்களைக் கொண்டுவருவார்கள். யார் சொன்னது என்று காட்டாமல் எல்லாரும் மதிப்பெண் போடுவார்கள், விவாதித்த பிறகு மறுபடி போடுவார்கள், மேலே வருகிறவற்றை வெளியிடுவார்கள். பதவியில் பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒன்று மேலே போகாது, அதுதான் அதில் எனக்குப் பிடித்தது.

பிரிட்டனில் இதே மாதிரி, அடுத்த பத்து வருடத்தில் எந்த வெளிநாட்டு உயிரினம் வந்து கேடு செய்யும் என்று கிட்டத்தட்ட 600 உயிரினங்களை அலசினார்கள். முதலிடம் குவாகா என்ற சின்னச் சிப்பிக்கு, தண்ணீர்க் குழாயையே அடைத்துவிடும் அது. 2014-இல் அந்த ஆய்வு வந்த வருடமே லண்டனுக்கு மேற்கே ஓர் ஆற்றில் அந்தச் சிப்பி கிடைத்தது. சரியாகச் சொன்னார்கள், ஆனால் சொன்னதும் வந்ததும் ஒன்றாக நடந்தால் பட்டியலால் என்ன பயன் என்ற கேள்வியும் வருகிறது. 2016-இல் தேனீக்களைக் கொன்று தின்கிற ஆசியக் குளவி அங்கே வந்தபோது வேறு மாதிரி நடந்தது. யார் போக வேண்டும், கூட்டை எப்படித் தேட வேண்டும் என்பது முன்னாலேயே எழுதி வைத்திருந்தது, சில நாட்களில் கூட்டைக் கண்டுபிடித்து அழித்தார்கள். பட்டியலைவிட அந்த எழுதி வைத்த காகிதம்தான் வேலை செய்தது.

இன்னொன்று, தண்ணீரை வடிகட்டி அதில் கலந்திருக்கும் மரபணுத் துணுக்குகளைப் படித்து எந்தெந்த உயிர்கள் அங்கே வாழ்கின்றன என்று சொல்கிற முறை வந்துவிட்டது. ஹைதராபாத்தில் இருக்கிற சிசிஎம்பி என்கிற உயிரியல் ஆய்வகக்காரர்கள் ஒடிசாவின் சிலிக்கா ஏரியில் செய்திருக்கிறார்கள். சக்கர் மீன் கண்மாயில் 14 ஆகிற வரை காத்திருக்காமல் இரண்டு மூன்று இருக்கும்போதே தெரிந்துகொள்ள இதில் வழி உண்டு. ஒரு மாவட்டத்துக்கு ஒரு கல்லூரி ஆய்வகத்துக்கு இந்த வசதி கொடுத்தாலே பெரிய விஷயம்.

கண்மாய்க்கரை அண்ணா, பறவைகள் பற்றிய உங்கள் பயம் வீணானதல்ல. போர்ட்டோ ரிக்கோவில் கூழைக்கடாக்கள் இந்த வகை மீனை விழுங்கப் பார்த்து, முள் தொண்டையில் சிக்கி இறந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

கரிமூட்டம்:

எல்லாரும் ஆய்வகம் தயாராக வேண்டும் என்கிறீர்கள். நான் மாறாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, கோபப்படாதீர்கள்.

சீமைக் கருவேலத்தை யார் கொண்டுவந்தது? அது தானாக நடந்து வரவில்லை. 19-ஆம் நூற்றாண்டிலேயே நாட்டுக்குள் வந்தது, அப்புறம் வறண்ட மாவட்டங்களில் விறகுப் பஞ்சம் தீர அரசாங்கமே விதை தூவியது. அந்தக் காலத்தில் படித்தவர்கள்தான் நல்லது என்று சொன்னார்கள். எங்கள் அப்பா அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் எங்களைப் படிக்க வைத்தார், மானாமதுரைப் பக்கம் எத்தனையோ குடும்பங்கள் அப்படி. 2017-இல் உயர் நீதிமன்றம் அகற்றச் சொல்லி உத்தரவு போட்டதும் இயந்திரம் வந்து பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனது, அடுத்த மழைக்கு மறுபடி முளைத்தது. 2022-இல் மாநில அரசு அயல் தாவரங்களுக்குத் தனிக் கொள்கையே கொண்டுவந்தது, நல்லதுதான். ஆனால் கரி போடுகிறவனுக்கு அடுத்த வேலை என்ன என்று அந்த மேசையில் கேட்க ஒருவர் உட்கார வேண்டும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அப்படித்தான். 2000-இலேயே தடை. இன்னமும் குட்டையில் வளர்த்து விற்கிறார்கள், ஏனென்றால் அது சீக்கிரம் வளர்கிறது, கழிவைப் போட்டாலும் தின்கிறது. தடை எழுதுவதற்கு முன்னால் வளர்க்கிறவனுக்கு வேறு மீன் குஞ்சு கொடுத்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது. அதனால் என் கோரிக்கை ஒன்றே: அடுத்த வளர்ச்சித் திட்டத்துக்கு ஒரு செடியோ மீனோ மருந்தோ பரிந்துரைக்கும்போது, இது ஐம்பது வருடம் கழித்து என்ன செய்யும் என்று எதிர்த்துப் பேச அதே அரசாங்கத்தில் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வையுங்கள்.

மாட்டு வைத்தியம்:

கரிமூட்டம் அண்ணன் மருந்து என்று சொன்னதால் எழுதுகிறேன், நான் கால்நடை மருந்தகத்தில் வேலை செய்கிறேன். மாட்டுக்கு வலி மருந்தாகப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. வெண்முதுகுப் பாறு இந்தியாவில் 1992-க்கும் 2007-க்கும் நடுவில் 99.9 சதவீதம் குறைந்தது. காரணம் 2004-இல் தெரிந்தது, 2006-இல் கால்நடைக்குத் தடை. அதுவரை வேகம்தான்.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள், குப்பி அளவைக் குறைக்க 2015 ஆயிற்று. அசிக்ளோஃபினாக் என்று தம்பி மருந்து வந்தது, அது மாட்டின் உடம்புக்குள் போய் டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது. கீட்டோபுரோஃபன் பாறுக்கு நஞ்சு என்பது பத்து வருடத்துக்கு மேலாகத் தெரியும். இரண்டுக்கும் தடை வந்தது 2023-இல். ஒவ்வொரு மருந்தாகப் பிடிக்கப் பிடிக்க அடுத்தது கடைக்கு வருகிறது. வலி மருந்துக்கு உரிமம் கொடுக்கும் முன்னாலேயே பாறுக்கு ஆபத்தில்லை என்று காட்டு என்று கேட்டிருந்தால் இத்தனை வருடம் துரத்த வேண்டியதில்லை. மெலாக்ஸிகாம் மாதிரி பாதுகாப்பான மருந்து கையில் இருக்கும்போது இது கடினமும் இல்லை.

நாரைத்தோழி:

நான் பள்ளி ஆசிரியை, பொங்கல் விடுமுறையில் பிள்ளைகளோடு கண்மாய்ப் பறவைகளை எண்ணுகிறவள். துருப்பிடிக்காதவர் ஐயா சொன்ன வருடாந்திரக் கணக்கில் ஒரு பங்கு இப்படி ஊர்க்காரர்களாலேயே நடக்கும். கேட்க ஆள் இருந்தால் போதும்.

2022-இல் நத்தம் பக்கம் கரந்தமலை அடிவாரத்தில் மஞ்சள் எறும்பு பெருகியது நினைவிருக்கும், நமக்கு அதிக தூரமில்லை. ஆடு மாட்டின் கண்ணில் ஏறிப் பார்வை போகிறது, காட்டில் பாம்பு ஓணானைக் காணோம் என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்ன பிறகுதான் விஞ்ஞானிகள் போய்ப் பார்த்தார்கள். முதலில் பார்த்தது ஆடு மேய்க்கிறவர்கள். அதே எறும்பு கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகளைக் கொன்றது, உலகத்துக்கே தெரிந்த எறும்பு. மேய்க்கிறவர் சொன்ன அன்றே அதன் பெயரைச் சொல்ல மாவட்டத்தில் ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

நம் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு, மக்கள் பல்லுயிர் பதிவேடு. தேசிய பல்லுயிர் ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. பதிவேட்டை 2020 ஜனவரிக்குள் முடிக்கச் சொல்லித் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதித்ததால் பல இடங்களில் அவசரமாக எழுதி மூடிவிட்டார்கள். அதை மறுபடி திறந்து, "இந்த வருடம் புதிதாகக் கண்டது" என்று ஒரு பக்கம் சேர்த்து, அந்தப் பக்கம் எழுதப்பட்டால் பதினைந்து நாளுக்குள் ஓர் ஆய்வகம் பதில் சொல்லியாக வேண்டும் என்று விதி வைத்தால், உங்கள் 14 மீன் இன்று இங்கே கேள்வியாக வந்திருக்காது.

கண்மாய்க்கரை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கரிமூட்டம் அண்ணே, கோபம் எதற்கு, நீங்கள் சொன்னது எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் வண்ணமீன் கடை வைத்திருக்கிற பையன்தான் பெரிதாகிவிட்ட மீன்களைக் கொல்ல மனம் வராமல் கண்மாயில் விட்டிருக்க வேண்டும் என்று எல்லோரும் அவனை ஏசுகிறார்கள். அவனிடம் பேசினேன், விடக் கூடாது என்று இதுவரை யாருமே அவனுக்குச் சொன்னதில்லை. இனி வளர்க்க முடியாத மீனை அவனிடமே திருப்பிக் கொடுக்கலாம் என்று கடை வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறான்.

நீர்த்துளி:

அண்ணா, ஒரு மீனையாவது வைத்திருக்கிறீர்களா? புகைப்படத்தில் இனத்தை உறுதியாகச் சொல்வது கடினம், இவை தங்களுக்குள் கலந்து பெருகுகிறவை. இன்னொன்று முக்கியம். இவை கரையில் வளை தோண்டி முட்டையிடும், மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் கரைகள் சரிந்திருக்கின்றன. ஐப்பசி மழைக்குத் தண்ணீர் ஏறுவதற்குள் உள்கரையை, முக்கியமாக மடைக்குப் பக்கத்தில், பார்த்துவிடுங்கள். வளை இருந்தால் எத்தனை, எவ்வளவு ஆழம், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் என்று குறியுங்கள்.

கண்மாய்க்கரை:

இரண்டு மீன் இருக்கிறது தங்கச்சி, ஐஸ் கடைப் பெட்டியில் பையில் சுற்றி வைத்திருக்கிறேன். நாளை காலை ஆறு மணிக்குச் சித்தப்பாவும் நானும் மடைப் பக்கம் இறங்குகிறோம், டீச்சர் இரண்டு பிள்ளைகளை நோட்டுப் புத்தகத்தோடு அனுப்புவதாகத் தனிச்செய்தியில் சொல்லியிருக்கிறார். அளவுகளை மாலைக்குள் இங்கேயே போடுகிறேன்.